ஒரிஜினல் போயிருமாம்!

"கழட்டாத மச்சான், ஒரிஜினல் போயிரும்." எலெக்ட்ரிக் கிட்டாரின் மூடியைத் திறக்க ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் போதும், பக்கத்தில் இருக்கிறவர் இதைத்தான் சொல்லுவார். சாய்ந்தமருதில் கிட்டார் பழகுவதே தனிக்கதை, அதை இன்னொரு நாள் எழுதலாம். இப்போது என் சண்டை இந்த 'ஒரிஜினல்' என்ற சொல்லோடு.

எது ஒரிஜினல்? எங்கட கையில் இருக்கிற மலிவுக் கிட்டார்கள் பெரும்பாலும் ஸ்ட்ராடோகாஸ்டரின் நகல்கள். 1954இல் அதைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1938இல் ரேடியோ திருத்துகிற கடை போட்டவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். கல்முனை பஸாரில் சோல்டர் புகைக்குள் குந்தியிருந்து ரேடியோ திருத்தின காக்காமார் செய்த அதே தொழில்தான். அப்படி ஒருவர் போட்ட வயரிங்கை இன்னொருவர் தொட்டால் என்ன குடி முழுகிவிடும்?

அதில் ஓட்டையும் இருந்தது. மூன்று பிக்கப், இரண்டு டோன் குமிழ். கழுத்துப் பக்கத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, பிரிட்ஜுக்கு ஒன்றுமில்லை. காதைக் கிழிக்கிற கீச்சுச் சத்தம் எதில் வருகிறதோ, அதைக் குறைக்கத்தான் குமிழ் இல்லை!

சுவிட்சும் அப்படித்தான், மூன்றே நிலை. வாசித்தவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவில் சிக்கவைத்து, இரண்டு பிக்கப்பை ஒன்றாகப் பேசவைத்தார்கள். கொம்பனி தானே ஐந்து நிலைச் சுவிட்ச் போட 1977 ஆகிவிட்டது. 23 வருஷம்! 'ஸ்ட்ராட் சவுண்ட்' என்று நாம் உருகுகிறோமே, அதில் ஒரு பங்கு ஒரிஜினலுக்கு அடங்காதவர்கள் கண்டெடுத்தது. பிரிட்ஜுக்கும் டோன் வைத்த மாடல்களை இன்று ஃபெண்டரே விற்கிறது.

வேலையும் பெரிதில்லை. சுவிட்சில் டோன் குமிழ்களுக்கு வயர் போகிற பக்கத்தில் பிரிட்ஜுக்குரிய கால் சும்மா கிடக்கும். அதையும் பக்கத்திலுள்ள நடுப் பிக்கப்பின் டோன் காலையும் ஒரு துண்டு வயரால் இணைத்தால், இரண்டாவது குமிழ் இரண்டுக்கும் வேலை செய்யும். பிடிக்கவில்லையா, வயரை எடுத்துவிடுங்கள். திரும்ப 'ஒரிஜினல்'.

இன்னொரு கூட்டம், கண்டென்சர் பைத்தியங்கள். டோன் குமிழைக் குறைத்தால் கீச்சுச் சத்தம் கண்டென்சர் வழியாக எர்த்துக்குப் போய்விடும், தடித்த சத்தம் மிஞ்சும். பாடசாலையில் கொள்ளளவி என்று படித்தோமே, அதே சாமான். கிட்டாரின் சிக்னல் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் கீழே. அதற்குப்போய் எண்ணெயில் ஊறின காகிதத்தில் செய்த 'விண்டேஜ்' கண்டென்சரை டாலர் கணக்கில் வாங்கச் சொல்கிறார்கள். 0.022 மைக்ரோஃபாரட்டுக்குப் பதில் 0.047 போட்டால் சத்தம் இன்னும் இருளும், அது காதுக்குத் தெரியும். விலைச்சீட்டு காதுக்குத் தெரியாது. 2022இல் டாலர் 360 ரூபாயைத் தாண்டினதைப் பார்த்த பிள்ளைகளிடமா இந்த வியாபாரம்?

1954 மாடலே வைத்திருக்கிறவர் தொடாமல் இருக்கட்டும், அது நூதனசாலைச் சாமான். "ஆர்ட்ஸ் படிக்கிறவனுக்கு எதுக்கு சோல்டரிங்?" என்று என்னிடம் கேட்டவர்களிடம் இருப்பதும் என்னிடம் இருப்பதைப் போல ஒரு நகல்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. ஊரில் திருத்துகிற கைகள் குறைந்துகொண்டு போவதற்கு இந்தப் பயம் போதாதா?

வெள்ளிக்கிழமை பின்னேரம் சும்மா இருந்தால் திறந்து பாருங்கள். முதலில் ஆம்பிலிருந்து கேபிளைக் கழட்டுங்கள். சுவிட்சின் காலில் சோல்டரிங் அயனை நிறைய நேரம் வைக்காதீங்க, பிளாஸ்டிக் உருகிவிடும்.