எட்வர்டு ரோஜாவின் பிறப்பு



தமிழ்நாட்டில் மாலைக்காகப் பயிரிடும் எட்வர்டு ரோஜாவை அறிவீர்களா? இது ஆங்கிலேய மன்னர் பெயரன்று.

இந்துமாக்கடலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட தீவு பூர்போன். இன்று ரெயூனியன் என்பர். அங்கே நிலத்துக்கு வேலியாக இரண்டு ரோஜாக்களை நட்டார்கள். ஒன்று வாசமுள்ள டமாஸ்க் ரோஜா. மற்றது ஓயாமல் பூக்கும் சீன ரோஜா. இரண்டும் கலந்து, தானாகவே ஒரு புதுச்செடி பிறந்தது. தீவு மக்கள் அதை 'ரோஸ் எதுவார்' என்றார்கள். அதுவே நம்மவர் வாயில் எட்வர்டு ஆயிற்று.

1817இல் அத்தீவுக்கு வந்த தாவர அறிஞர் பிரெயோன் அதைக் கவனித்தார். 1819இல் அவர் அனுப்பிய விதைகளைப் பிரான்சில் ழாக் என்ற தோட்டக்கலைஞர் முளைக்க வைத்தார். பூர்போன் ரோஜாக் குலம் அப்படித்தான் பரவியது.

விதை அனுப்பியவர் பெயரும் வாங்கியவர் பெயரும் ஏட்டில் உண்டு. வேலி நட்ட உழைப்பாளிகளின் பெயரைக் காணோம். அங்கே அடிமை முறை 1848 வரை இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ரிங்லெட்டில் உங்கள் வாசலில் நிற்கும் ரோஜாவின் முதல் கிளையைத் தந்தது யார்? பாட்டியா, பக்கத்து லயத்து அக்காவா? பெயரையும் ஆண்டையும் பிள்ளைகளை விட்டு இன்றே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நம் கைகள் நட்டதை நாமே எழுதாவிட்டால், வேறு யார் எழுதுவார்?