கடையிலும் நாம் ஹனஃபீகள்தாமா?

தொழுகையில் கைகளை எங்கே கட்டுவது, ஒளூ எதனால் முறியும் என்ற கேள்விகள் எழும்போது, "நாங்கள் ஹனஃபீ மத்ஹப்" என்று தயக்கமின்றிச் சொல்கிறோம். அந்த மத்ஹபின் இமாம் ஒரு வியாபாரி என்பதை எத்தனை முறை நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

ஹிஜ்ரி 80இல் கூஃபாவில் பிறந்த இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், பட்டும் கம்பளியும் கலந்து நெய்த 'கஸ்' எனும் துணியை விற்று வாழ்ந்தார்கள். ஒருமுறை தம் கூட்டாளி ஹஃப்ஸிடம் சில துணிகளை விற்பனைக்கு அனுப்பினார்கள். அவற்றுள் ஒன்றில் குறையுள்ளது என்றும், அதை வாங்குபவரிடம் தெரிவித்துவிட வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார்கள். ஹஃப்ஸ் மறந்துவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. செய்தியறிந்த இமாம், விற்பனையில் கிடைத்த தொகை முழுவதையும் தர்மம் செய்துவிட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஒரு பெண்மணி 100 திர்ஹம் விலை சொல்லி ஆடையொன்றை விற்க வந்தபோது, அது அதைவிட அதிக விலை பெறும் என்று வாங்கும் இமாமே எடுத்துரைத்ததாகவும் பதிவு உண்டு.

இந்தத் தராசில் நம்மையும் நிறுத்திப் பார்ப்போம். குறையுள்ள பொருளை விற்பது பற்றிய சட்டங்களை மதரஸாவில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஆயினும், நம்முடைய பழைய மோட்டார் சைக்கிளை விற்றபோது, அதன் இன்ஜின் எண்ணெய் குடிப்பதைச் சொல்லாமல் இருந்துவிட்டோம். வாங்கியவர் கேட்கவில்லை, நாம் பொய்யும் சொல்லவில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். அடுத்த வாரம் அதே பாடத்தை மாணவர்முன் விரித்தபோது நாவு எழவில்லை.

"இமாமுடைய பேணுதல் நமக்குச் சாத்தியமா?" என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் நாம் இரண்டைக் குழப்பிக்கொள்கிறோம். தொகை முழுவதையும் தர்மம் செய்தது அவர்களின் உயர்ந்த பேணுதல். குறையைச் சொல்லிவிடுவதோ பேணுதலன்று. ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் உள்ள கடமை. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். அந்த வியாபாரியும் வாய்திறந்து பொய் சொன்னதாக அந்த ஹதீஸில் இல்லை. ஈரம் கீழே இருந்தது, அவ்வளவுதான்.

வண்டியை வாங்கியவரைத் தேடிச் சென்று உண்மையைச் சொன்னோம். திருப்பித் தந்துவிடலாம் என்றோம். அவர் பழுதுபார்க்கும் செலவை மட்டும் பெற்றுக்கொண்டார். கையில் எஞ்சிய பணம் குறைவு; அதை வீட்டில் செலவிடும்போது உறுத்தல் இல்லை.

கடை வைத்திருப்போர், வீடு விற்போர், வரன் பேசுவோர் யாவரும் இதைத் தம் பிள்ளைகளின் முன்னிலையிலேயே செய்துகாட்ட வேண்டும். மத்ஹப் பள்ளிவாசலின் வாசற்படியோடு நின்றுவிடுவதில்லை.

குறையை மறைக்காத நாவையும் பரக்கத்தான வியாபாரத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்குவானாக! ஆமீன்.