கையொப்பமிடுவோர் பொருட்டு ஒரு விண்ணப்பம்

மாண்புமிகு இந்திய நிதியமைச்சர் அவர்களுக்கு,

பனையோலைச் சுவடிகளைப் பாதுகாக்கும் சிறிய அறநிலையம் ஒன்றுக்கு நிதி திரட்டும் குழுவின் தலைமைப் பொறுப்பை ஏற்று, வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் நன்கொடைப் புத்தகத்தோடு சென்றுவரும் ஒருவனின் விண்ணப்பம் இது.

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை அச்சேற்ற முற்பட்டபோது, அச்செலவைத் தாங்கும் பொருள் தம்மிடம் இல்லாமையால், நூலை வாங்கிக்கொள்ள இசைந்த அன்பர்களிடம் முன்னதாகவே கையொப்பம் பெற்றார். அந்நூல் 1887-இல் வெளிவந்தது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் அடுத்த ஏழாண்டுகளுக்குள் தொடர்ந்தன. தமிழின் பூர்விகச் செல்வம் மீண்டதற்கு ஆதீனங்களின் ஆதரவும் பிரபுக்களின் வண்மையும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம், தம்மால் இயன்றதை ஈந்து பெயரெழுதிய சாமானியர்களின் அந்தக் கையொப்பங்களும் ஆகும்.

சுவடியைக் காப்பது ஒருநாள் உற்சவமன்று. தூசு துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, மங்கிய எழுத்துக்கு மையூட்டி, கரையானும் இராமபாணப் பூச்சியும் அணுகாமல் காத்து, ஒவ்வோர் ஏட்டையும் படமெடுத்து வைக்கும் இக்கைங்கரியம், ஆண்டுதோறும் இடையறாது நடைபெற வேண்டியது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட விதித்து, அப்பணிகளுள் பண்பாட்டுப் பாதுகாப்பையும் சேர்த்திருப்பது போற்றத்தக்கதே. ஆயினும், நான் கண்ட அளவில், அப்பொருள் பெயர்ப்பலகை பதிக்கத்தக்க கட்டடங்களை நாடிச் செல்கிறதேயன்றி, எண்ணெய்க்கும் துணிக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் வருவது அரிது. அச்செலவை ஏற்பவர்கள் மாதச் சம்பளத்தில் ஐந்நூறும் ஆயிரமும் எடுத்து வைக்கும் எளியோரே.

அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “இதற்கு வரிக்கழிவு கிடைக்குமா?” பழைய வரித்திட்டத்தில், அங்கீகாரம் பெற்ற அறநிலையத்துக்கு அளிக்கும் நன்கொடையில் பாதி, சட்டம் வகுத்த வரம்புக்கு உட்பட்டு, வருமானத்திலிருந்து கழிக்கப்படுகிறது. 2023-24 நிதியாண்டு முதல், பழையதே வேண்டுமென்று தெரிவிக்காத அனைவருக்கும் இயல்பாகப் பொருந்தும் புதிய திட்டத்திலோ அக்கழிவு இல்லை. இல்லையென்று நான் சொன்ன பிறகும் கொடுப்பவர் பலர். கேட்டுத் தயங்கி, எடுத்த தொகையில் பாதியை மீண்டும் பைக்குள் வைத்துக்கொள்பவரும் உளர். அவர்களை நான் குறை கூறேன். குடும்பபாரம் தாங்குவோர்க்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்குத்தானே.

ஆகவே, நாட்டின் தொன்மையைப் பாதுகாக்கும் அறநிலையங்களுக்கு அளிக்கப்படும் சிறு நன்கொடைகளுக்கேனும், தாங்கள் நிர்ணயிக்கும் ஒரு வரம்புவரை, புதிய திட்டத்திலும் கழிவு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதனால் அரசு இழக்கும் வருவாயை வேறு வகையில் ஈட்டிவிடலாம். அரிக்கப்பட்ட ஓர் ஏட்டின் எழுத்தை எவ்வகையிலும் ஈட்ட இயலாது. அடுத்தமுறை என் புத்தகத்தில் ஒருவர் கையொப்பமிடும்போது, “இதில் அரசும் தங்களோடு பங்கேற்கிறது” என்று மனநிறைவோடு சொல்லும் பேற்றை எனக்கு அளியுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
சுவடிப் பணியாளன் ஒருவன்