புறநகரும் புதிய தலைமுறையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கட்சிகளின் ஏற்றமும் இறக்கமும் தலைவர்களின் பேச்சாற்றலால் அமைவன என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். மேடையும் மாலையும் ஊர்வலமும் கண்ணில் படுவதால் வந்த எண்ணம் அது. வீடு மாறுவோரும் வயது வருவோருமே கட்சிகளின் தலையெழுத்தை ஓசையின்றி மாற்றுகின்றனர் என்பது என் கருத்து.

தலைமுறை மாற்றத்தின் வலிமைக்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 1965-இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், பெருந்தலைவர் காமராசர் தம் சொந்த ஊரான விருதுநகரில் பெ. சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் விலைவாசியும் காங்கிரசின் வீழ்ச்சிக்குத் துணைநின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று இழந்த ஆட்சியை 2021 வரை நடந்த எந்தச் சட்டமன்றத் தேர்தலிலும் அக்கட்சியால் மீட்க இயலவில்லை. அப்போது வாக்குரிமை வயது 21. அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தத்தால் 1989-இல் அது 18 ஆயிற்று.

இனிப் புறநகருக்கு வருவோம். கிராமத்தில் வாக்கு பெரும்பாலும் பரம்பரைச் சொத்து. தாத்தா போட்ட சின்னம் தகப்பனுக்கு வரும். பங்காளிகளும் தெருவும் அதைக் காவல் காப்பார்கள். தாம்பரத்திலோ ஆவடியிலோ ஒரே தெருவில் பல மாவட்டத்தார் குடியிருக்கிறார்கள். அவர்களை இணைப்பவை குடிநீர் லாரியும் கழிவுநீர்க் கால்வாயுமே. 2015 டிசம்பரில் முடிச்சூரை மூழ்கடித்த வெள்ளம் எந்த வீட்டிலும் கட்சி கேட்டு நுழையவில்லை. ஆகவே புறநகர் வாக்காளரை எந்தக் கட்சியும் தன் பரம்பரைச் சொத்தாகக் கருத முடியாது.

அப்படியானால் கட்சிகள் புறநகரைக் கண்டு ஏன் அஞ்சவில்லை? கணக்கு சொல்கிறேன். 2021 தேர்தலின்போது சோழிங்கநல்லூர் தொகுதியில் ஏறத்தாழ 6.9 லட்சம் வாக்காளர்கள். சென்னைத் துறைமுகம் தொகுதியில் சுமார் 1.76 லட்சம். இரண்டுக்கும் உறுப்பினர் ஒருவரே. அதாவது புறநகர்க்காரரின் வாக்குக்கு ஏறக்குறைய கால் பங்கு எடைதான்! 2008-இல் 2001-ஆம் ஆண்டின் மக்கள் தொகையைக் கொண்டு எல்லைகள் வகுக்கப்பட்டன. அதன்பின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் அடுக்குமாடிகள் எழுந்தன. கூட்டம் பெருகியது; நாற்காலி பெருகவில்லை.

அந்தக் கால் பங்கையும் நாம் முழுமையாகச் செலுத்துவதில்லை. 2021-இல் மாநிலம் முழுவதும் சுமார் 73 விழுக்காடு வாக்குகள் பதிவாக, சென்னை மாவட்டம் 60-ஐக்கூட எட்டவில்லை. இதைச் சோம்பல் என்று ஏளனம் செய்வோர் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். என் தந்தையார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைப்பவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். வாக்குப்பதிவுக்கு முதல் நாளே பேருந்து ஏறி ஊருக்குப் போய், பங்காளிகளோடு வரிசையில் நின்று வாக்களித்து வருவார். அவரைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்? ஆனால் எங்கள் தெருவில் தேங்கும் சாக்கடையைப் பற்றி அந்த வாக்கு ஒரு சொல்லும் பேசாது. ஊரை விட்டு வந்த பின்னும் வாக்கை ஊரிலேயே விட்டு வந்தவர்கள் எங்கள் தெருவில் பலர். உள்ளூர்ப் பிரமுகர்களுக்கு இது தெரியும்; வாக்கில்லாத வீட்டுக்கு யார் சாலை போடுவார்கள்?

மாணவத் தோழர்களே! நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நாம். படிவத்தை நிரப்பத் தெரிந்தவர்களும் நாமே. ஒருவர் பெயர் ஓரிடத்தில்தான் இருக்கலாம் என்பது சட்டம்; அந்த இடம் அவர் வாழும் இடமாக இருக்கட்டும். 17 வயது நிறைந்தவர் படிவம் 6-இல் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். இடம் மாறியவருக்குப் படிவம் 8 உண்டு. எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்பது அவரவர் மனச்சான்று. ஆனால் முகவரி இல்லாத வாக்காளனைத் தேடி எந்தக் கட்சியும் வராது. தந்தைக்கு ஒரு படிவம், தனக்கு ஒரு படிவம்: இதுவே புறநகர் மாணவன் செய்யவேண்டிய முதல் அரசியல்.