மாத்திரைக்கு முன்னே ரத்தச் சோதனை!

வலிப்பு நோயைத் தடுக்க மாத்திரை கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையே சிலருக்கு எமனாகிவிடுவதும் உண்டு.

"கார்பமாசெபைன்" அப்படி ஒரு மாத்திரை. லட்சக்கணக்கானவர்கள் இதைச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறார்கள். ஆனால், மிகச் சிலருக்கு, சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் வருகிறது. கண் சிவக்கிறது. வாய் புண்ணாகிறது. உடம்பில் கொப்புளம் கிளம்பி, தீப்பட்டதுபோல் தோல் உரிகிறது. இதற்கு "ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்" என்று பெயர். உயிர் போவதும் உண்டு. பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் பார்வை கெட்டுவிடுகிறது.

யாருக்கு வரும்?

தைவான் நாட்டு டாக்டர்கள் 2004-ம் ஆண்டில் இதற்கு விடை கண்டார்கள். இந்த மாத்திரையால் இந்நோய் வந்த 44 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் ஒரே பரம்பரைக் குறி இருந்தது! மாத்திரை சாப்பிட்டும் ஒன்றும் ஆகாத 101 பேரில், 3 பேரிடம் மட்டுமே அது இருந்தது. குறி உள்ளவர்கள் எல்லோருக்கும் நோய் வராது. ஆனால் ஆபத்து அவர்களுக்கே அதிகம்.

முதலில் சோதனை, பிறகு மாத்திரை என்று தைவானில் 4,877 பேரைச் சோதித்தார்கள். குறி இருந்த 372 பேருக்கு இந்த மாத்திரை வேண்டாம் என்றார்கள். முடிவு 2011-ல் வெளியாயிற்று. ஒருவருக்குக்கூட அந்த நோய் வரவில்லை! சோதனை இல்லாவிட்டால் சுமார் 10 பேருக்கு வந்திருக்கும் என்பது கணக்கு.

இந்த மாத்திரையைப் புதிதாகத் தொடங்கும் ஆசிய வம்சத்தாருக்குச் சோதனை செய்வதே முறை என்று சிங்கப்பூர் அரசு 2013-ல் அறிவித்தது.

நாம் செய்ய வேண்டியது

இந்தக் குறி சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் அதிகம். இந்தியர்களிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. ஆகவே, "எனக்குச் சோதனை தேவையா?" என்று டாக்டரிடம் கேட்பதில் தவறில்லை.

சோதனையில் தேறிவிட்டாலும் கவனம் வேண்டும். பெனிட்டாயின், லாமோட்ரிஜின் போன்ற வேறு வலிப்பு மாத்திரைகளாலும் இந்நோய் வரலாம். முதல் இரண்டு மூன்று மாதங்கள் வீட்டார் கண்ணே காவல். காய்ச்சலோடு தடிப்போ, வாய்ப்புண்ணோ கண்டால், "அம்மை போட்டிருக்கிறது" என்று வேப்பிலையோடு வீட்டில் இருந்துவிடாதீர்கள். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதைப் படித்துப் பயந்து, நன்றாக இருப்பவர்கள் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் வலிப்பு திரும்பி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பயம் வேண்டாம், கவனம் வேண்டும்.