ஆறாண்டுப் பையும் நம் தறியும்

ஜூன் மாதம் பிறந்தால் பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன. சங்கரன்கோவில் கடைத்தெருவில் புத்தகப் பைகள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. வாங்க வரும் பெற்றோர் முதலில் விலையைக் கேட்கின்றனர். பை எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பவர் மிகச் சிலரே. கேட்டாலும் கடைக்காரரால் விடை கூற இயலாது. தைத்தவர் யார் என்பது அவருக்கே தெரியாது. பொங்கல் வருமுன் வார் அறுகிறது, ஜிப்பு பல்லிளிக்கிறது. மறு ஜூனில் மறுபடியும் புதுப் பை. இச்சிறு விஷயத்தில் நெசவாளர்க்கும் உழவர்க்கும் ஒரு படிப்பினை உண்டென நாம் கருதுகிறோம். அதைக் கூற ஜப்பான் வரை சென்று திரும்ப வேண்டியிருக்கிறது.

ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் படிப்பு ஆறு ஆண்டுகள். முதல் வகுப்பில் சேரும் குழந்தைக்கு 'ரன்டோசெரு' என்னும் முதுகுப் பை வாங்குவது அங்குள்ள வழக்கம். பல வீடுகளில் பாட்டனும் பாட்டியுமே அதை வாங்கித் தருகின்றனர். போர்வீரரின் முதுகுப் பையைக் குறித்த டச்சுச் சொல்லொன்றின் திரிபே இப்பெயர். 1885ஆம் ஆண்டில் தோக்கியோவின் கக்குஷூயின் பள்ளி ஒரு விதி செய்தது. அது பிரபுக்களின் பிள்ளைகள் பயின்ற பள்ளி. மாணவர் வண்டியில் வருதல் கூடாது. வேலைக்காரர் புத்தகம் சுமந்து வருதலும் கூடாது. அவரவர் சுமையை அவரவரே சுமக்க வேண்டும் என்பதே அவ்விதி. பின்னாளில் தைஷோ பேரரசரான இளவரசர் 1887இல் அங்கே சேர்ந்தபோது, பிரதமர் இதோ ஹிரோபூமி பெட்டி போன்ற தோல் பையொன்றைப் பரிசளித்தார். அந்த வடிவமே பெரும்பாலும் இன்றளவும் நீடிக்கிறது.

இப்பைகளைச் செய்யும் நிறுவனங்களுள் ஒன்று துச்சியா கபான். 'கபான்' என்றாலே பை என்று பொருள். 1965இல் தோக்கியோவில் சிறியதொரு பட்டறையாகத் தொடங்கியது அது. ஒரு பைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகள்; அவற்றை வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் தைப்பதிலும் கைத்தொழிலாளரின் திறமையே முதன்மை. நாம் கவனிக்க வேண்டியது அந்த வேலைப்பாட்டை மட்டுமன்று. விற்ற பை ஆறு ஆண்டுகளுக்குள் இயல்பான உபயோகத்தில் பழுதுற்றால், கட்டணமின்றிச் செப்பனிட்டுத் தரும் பொறுப்பை அந்நிறுவனம் ஏற்கிறது. பள்ளி ஆறு ஆண்டு. வாக்கும் ஆறு ஆண்டு. அந்நாட்டில் ஏப்ரலில் பள்ளி திறக்கிறது. பெற்றோர் பலர் ஏறத்தாழ ஓராண்டு முன்னரே பைக்குச் சொல்லி வைக்கின்றனர். ஆகவே பட்டறையில் இருப்போருக்குத் தம் கையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். ஆறாண்டு உழைத்த பின்னும் பல பைகள் பயன் தருகின்றன. 2004 முதல் ஆப்கானிஸ்தானத்துக் குழந்தைகளுக்கு அவை கப்பலேறிச் செல்கின்றன.

எனினும் அதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று நாம் கூறவில்லை. அப்பையின் விலை பல்லாயிரம் யென்; நம் குடும்பங்களுக்கு எட்டாது. எடையும் ஒரு கிலோவுக்கு மேல். நம் நாட்டில் 2020இல் வகுத்த பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்கிறது. முதலிரு வகுப்புகளுக்கு அது விதிக்கும் அளவு 1.6 முதல் 2.2 கிலோ வரை. வெறும் பையே ஒரு கிலோ எனின் புத்தகத்துக்கு என்ன மிஞ்சும்? ஜப்பானிலும் இக்குறை எழுந்தது. 2018இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சகம், சில புத்தகங்களைப் பள்ளியிலேயே விட்டுச்செல்வது குறித்துப் பள்ளிகளுக்கு யோசனை கூற நேர்ந்தது.

இங்கேதான் பருத்திக்கு இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் நம் பிள்ளைகள் மஞ்சள் பையில் புத்தகம் கொண்டு சென்றனர். இன்று கடையில் தொங்குவன பெரும்பாலும் பாலியெஸ்டர், நைலான் பைகள். அவற்றால் தறிக்காரருக்கும் கூலியில்லை. பருத்தி விதைத்தவருக்கும் காசில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. காய்கறிக்குத் துணிப்பை ஏற்றதெனில், புத்தகத்துக்கு ஏன் ஏற்றதாகாது?

பைக்கு வேண்டியது கனத்த துணி. கனத்த துணிக்கு வேண்டியது பருமனான நூல். அதற்கு நீண்ட இழைப் பருத்தி தேவையில்லை. நம் கரிசல் மண்ணுக்குரிய கருங்கண்ணி குட்டை இழைப் பருத்தி; வானம் பார்த்த பூமியில் விளைவது. மெல்லிய நூலுக்கு உதவாதென்று ஒதுக்கப்பட்ட அந்தப் பருத்திக்கு இது தகுந்த வேலை. உழவர் விளைத்ததை நூலாக்கி, நெசவாளர் நெய்து, தையற்பெண்கள் தைத்தால், பையின் விலையில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலேயே தங்கும்.

இடையூறுகளையும் மறைக்கலாகாது. சேலை நெய்யும் விசைத்தறிகள் யாவும் கனத்த துணியைத் தாங்கா. சிலவற்றையேனும் அதற்கென மாற்றியமைக்க வேண்டும். ஐப்பசி மழையில் பருத்தி நனையும். நீர் ஒட்டாத பூச்சோ உள்துணியோ தேவை. பையின் விலையும் கடைப் பையினும் கூடும். ஆனால் மும்மடங்கு விலை கொடுத்து வாங்கிய பை ஐந்து ஆண்டுகள் உழைத்தால், ஆண்டுக்கொரு பை வாங்கும் குடும்பத்துக்கு இரண்டு பையின் விலை மிச்சம். மொத்தமாகப் பணம் கொடுக்க இயலாதவர்க்குத் தவணை வசதி செய்து தரவே சங்கம் இருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளை நம்பித் தறி ஓட்டுவது நமக்குப் புதிதன்று. 1985 முதல் நடந்துவரும் இலவசச் சீருடைத் திட்டத்தில் கூட்டுறவுச் சங்கத் தறிகள் துணி நெய்து வந்திருக்கின்றன. ஆனால் சீருடை அரசின் ஆணையால் வரும் வேலை; ஆணை தாமதமானால் தறியும் நிற்கும். பை, பெற்றோர் நம்மை நம்பித் தரும் வேலையாக இருக்க வேண்டும்.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனை இது. ஒரு சங்கம், ஒரு பள்ளி, நூறு பைகள் என்று தொடங்கலாம். கார்த்திகையிலேயே பெற்றோரிடம் முன்பதிவு பெற்று, பங்குனிக்குள் துணி நெய்து, சித்திரையில் தைத்து முடிக்கலாம். ஒவ்வொரு பையிலும் சங்கத்தின் பெயரும் தைத்தவரின் எண்ணும் இருக்கட்டும். ஐந்தாம் வகுப்பு முடியும் வரை வார் அறுந்தாலும் தையல் பிரிந்தாலும் சங்கத்திலேயே செப்பனிட்டுத் தரப்படும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எழுத்தைக் காப்பாற்றுவதற்காக விலையில் ஒரு சிறு பங்கைத் தனி நிதியாக ஒதுக்க வேண்டும்.

எழுதிக் கொடுத்த பின் தரங்குறைந்த நூல் வாங்க மனம் வராது. அவசரத் தையலும் நேராது. பழுது நம் வாசலுக்கே திரும்பி வரும் என்ற அச்சமே நல்ல மேற்பார்வையாளர். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதை ஆராய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.