கொழுத்த எழுத்தும் வெள்ளெழுத்தும்

1/ நேத்து ஓபியில ஒரு அம்மா. வயசு அறுபதுக்கு மேல. மூணு நாளா காய்ச்சல், சளி. 650 மாத்திரை நாலு வேளை, கூடவே ஒரு சளி மாத்திரை மூணு வேளை. ரெண்டு அட்டையையும் திருப்பிப் பார்த்தேன். சளி மாத்திரையிலயும் 500 மி.கி. பாரசிட்டமால். கூட்டிப் பாருங்க: 2600 + 1500 = 4100. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு உச்ச வரம்பே 4000. தாண்டினா கல்லீரலுக்கு ஆபத்து.

2/ "அட்டையில போட்டிருக்கேம்மா"ன்னேன். "பேரு மட்டும்தான் சார் தெரியுது. மத்ததெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு"ன்னாங்க. தப்பு அவங்க மேல இல்ல.

3/ அதனால இன்னைக்கு மருந்தைப் பத்தி இல்ல, எழுத்துருவைப் பத்தி ஒரு இழை. கூப்பர் பிளாக் தெரியுமா? பேர் தெரியாட்டியும் பார்த்திருப்பீங்க. ஈஸிஜெட் விமானத்துல இருக்கிற அந்தக் கொழுகொழு எழுத்து. பீச் பாய்ஸோட 1966 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பம் அட்டையிலயும் அதுதான்.

4/ சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வடிவமைத்து 1922-ல் வெளிவந்தது. எழுத்தோட முனையில இருக்கிற சின்னப் பாதங்களுக்கு செரிஃப்னு பேர். வழக்கமா அது கூர்மையா இருக்கும். கூப்பர் அதை உருட்டி மழுக்கிட்டார். கூர்முனையே இல்லாததால அச்சு கொஞ்சம் மங்கினாலும், மை பரவினாலும் வெளிய தெரியாது. விளம்பரக்காரங்க விழுந்து விழுந்து வாங்கினாங்க.

5/ கிட்டப்பார்வை உள்ள வாடிக்கையாளரை வெச்சிருக்கிற, தொலைநோக்குள்ள அச்சகத்தாருக்கான எழுத்துன்னு அவரே கிண்டலா சொன்னதா சொல்வாங்க. கண்ணைப் பத்தி அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு!

6/ ஆனா இது தலைப்புக்கான எழுத்து. பெருசா இருந்தாதான் அழகு. இதையே சின்னதாக்கினா தடிமன் உள்ளேயும் பெருகி, எழுத்துக்குள்ள இருக்கிற ஓட்டைகள் அடைஞ்சிடும். சின்ன எழுத்துக்குத் தேவை மிதமான தடிமன், நல்ல இடைவெளி, பளிச்சுனு எதிர் நிறம்.

7/ நாற்பது வயசுக்கு மேல கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் விறைக்க ஆரம்பிக்கும். கிட்ட இருக்கிற எழுத்து வெளுத்துத் தெரியும். நம்ம முன்னோர் அதுக்கு வெச்ச பேரே வெள்ளெழுத்து.

8/ என் கருத்து இதுதான். கொழுத்த எழுத்து குற்றவாளி இல்ல. அதை யாருக்குக் கொடுக்கிறோம்ங்கிறதுதான் கேள்வி. கம்பெனி வெச்ச பேரை விட மருந்தோட பேர் ரெண்டு அளவாவது பெருசா இருக்கணும்னு இந்தியாவில் 2018-லயே விதி திருத்தியாச்சு. ஆனா மூணு மருந்தோ அதுக்கு மேலயோ கலந்த மாத்திரைக்கு விலக்கு. சளி மாத்திரைகள் பலதும் அந்த ரகம்தான்! குழப்பம் அதிகமா இருக்கிற இடத்துலயே எழுத்து சின்னதா இருக்கு. இந்த விலக்கை எடுக்கணும்.

9/ அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்க. வீட்டுப் பெரியவங்களோட மாத்திரை டப்பாவை இன்னைக்கு ராத்திரி திறந்து, ஒவ்வொரு அட்டையையும் போன்ல படம் எடுத்துப் பெருசாக்கிப் படிங்க. ஒரே மருந்து ரெண்டு பேர்ல இருந்தா உடனே உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

10/ அந்த அம்மா நல்லா இருக்காங்க. மருந்துச் சீட்டுல இந்தத் தடவை கொட்டை எழுத்துல எழுதிக் கொடுத்திருக்கேன். ஆமா, டாக்டர் கையெழுத்துதான். சிரிக்காதீங்க!